மரத்துப்போன பாதம், திரும்பத் திரும்ப வரும் புண்: கணவருக்கோ மனைவிக்கோ சிகிச்சை தேடுபவர்களுக்கு

உள்ளங்காலில் ஆறிய புண் மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கிறது. ஆயின்ட்மென்டை மாற்றுகிறார்கள், டாக்டரை மாற்றுகிறார்கள், யாரோ எண்ணெய் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு குடியாத்தத்திலிருந்து பலமனேருக்கு பஸ் ஏறுகிறார்கள். புண் ஆறுகிறது, திரும்ப வருகிறது. சுகரால் பாதத்தில் உணர்ச்சி போனவர்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஒரு முறை புண் வந்து ஆறியவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ஓராண்டுக்குள்ளேயே மீண்டும் வருகிறது.

ஏன் வருகிறது? கால் மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் விரலடியில் இருக்கும் அதே எலும்பு முனை அதே தோலை ஒவ்வொரு அடியிலும் அழுத்துகிறது. தோல் காய்த்துப்போகிறது. காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டி, உள்ளே புண்ணாகி, கடைசியில்தான் வெளியே உடைகிறது. எந்தக் களிம்பும் இந்த அழுத்தத்தை எடுக்காது. அந்த இடத்திலிருந்து பாரத்தை இறக்கினால்தான் புண் ஆறும். ஆறிய பிறகும் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால்தான் ஆறியது நிலைக்கும்.

இதை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் வேலூருக்கு முக்கியமான இடம் உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியில்லாத கைகால்களில் தெரியாமல் படும் காயமும் சூடும் அழுத்தமும்தான் அவற்றைக் கரைக்கின்றன என்று காட்டினார். காட்பாடிக்குப் பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் அந்த அறிவு பல பத்தாண்டுகளாகக் கைப்பழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. தொழுநோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார், அதாவது நுண்ணிய காற்றறைகள் உள்ள மென்மையான) ரப்பர் செருப்பைத்தான் இன்று சுகர் நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்கள். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, சித்தூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டிலேயே தொட்டுப் பாருங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் உணர்ச்சி எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம், உங்கள் ஆள்காட்டி விரல் போதும். அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். வலது கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில், இறகு படுவதுபோல ஒன்றிரண்டு நொடி மட்டும் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்பதற்காக அதே விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது, கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். "எரியுது, குத்துது, ராத்திரி தூக்கமே இல்ல" என்பவருக்கும் தொட்டால் தெரியாமல் இருக்கலாம். எரிச்சல் இருக்கிறதே, அப்படியானால் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கெட்டுப்போன நரம்பு தானாக எரிச்சலைக் கிளப்பும்; முள் குத்தினால் சொல்லாது. இரண்டும் ஒரே காலில் இருக்கும். பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை, எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று அவர் சொல்வதையெல்லாம் அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது

அந்த நோட்டோடு மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பழைய எக்ஸ்ரேக்களையும், அவர் தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். செருப்பை மறக்கவேண்டாம். எந்த இடம் அழுந்தித் தேய்ந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் புண் இருக்கும். அனுபவமுள்ள டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன் செருப்பைத் திருப்பிப் பார்ப்பார்.

பரிசோதனையில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும்; 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையை எலும்பு மேல் வைத்துப் பார்க்கவேண்டும். அதிர்வு உணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டர் கருவி இருக்கும் இடங்களில் 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம். அடுத்தது ரத்த ஓட்டம். கால் நாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து வகுத்துச் சொல்லும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. 1.3-க்கு மேல் இருந்தால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். சுகர்காரர்களுக்குக் குழாய் கல்லாக இறுகிப்போனாலும் அப்படிக் காட்டும், அப்போது டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அல்லது கால் கட்டைவிரல் பிரஷர் பார்க்கவேண்டும். ரத்தம் போகாத காலில் எந்த மருந்தும் போய்ச் சேராது. அடைப்பைச் சரிசெய்யாமல் விரலை மட்டும் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது.

எல்லா மரத்துப்போதலும் சுகரால் வருவதல்ல. மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். சுத்த சைவமாக இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஊசி அல்லது மாத்திரையில் சரிசெய்யலாம். குடிப்பழக்கம், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்குச் சாப்பிடும் ஐசோநியாசிட், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம் காரணமாகலாம். தோலில் வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல், முழங்கை ஓரத்தில் தடித்த நரம்பு இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை; மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதும் குணமாகும். இன்னொன்று: "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று கடையில் வாங்கும் சத்து மாத்திரைகளில் பி6 அளவைப் பாருங்கள். நாளைக்கு 100 மி.கி.க்கு மேல் நீண்ட காலம் போனால் அந்த மாத்திரையே நரம்பைக் கெடுக்கும்.

எரிச்சலுக்கும் குத்தலுக்கும் ப்ரீகாபலின், டூலாக்செடின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் இவற்றில் ஒன்றை எழுதுவார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். ப்ரீகாபலினும் காபாபென்டினும் தலைசுற்றலும் கால் வீக்கமும் தரும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடியிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும், எனவே அந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் மாத்திரை வாங்காதீர்கள். இருதயத் துடிப்பில் கோளாறோ புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் அமிட்ரிப்டிலினுக்கு முன் சொல்லிவிடுங்கள். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பலன் தெரிய சில வாரம் ஆகும். எரிச்சல் குறைந்தாலும் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று பொருளல்ல. பாதத்தைப் பாதுகாப்பது அப்படியே தொடரவேண்டும்.

வெகுநாள் ஏறியிருந்த சுகரை இன்சுலின் போட்டு இரண்டு மூன்று மாதத்தில் சடாரென்று இறக்கினால் சிலருக்கு எரிச்சல் முன்பைவிடக் கூடும். இன்சுலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், அந்த வலி மெல்ல அடங்கும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எண்) எவ்வளவு வேகமாக இறங்கவேண்டும் என்பதை டாக்டரோடு பேசிக்கொள்ளுங்கள்.

புண் இருக்கும்போது

உள்ளங்கால் புண்ணுக்கு டாக்டர் முதலில் செய்யவேண்டியது, சுற்றியிருக்கும் காய்ப்பையும் செத்த தோலையும் பிளேடால் செதுக்கி எடுப்பது. வெளியில் கடலைப்பருப்பு அளவு தெரிந்த புண் செதுக்கிய பிறகு ஒரு ரூபாய் அளவுக்குத் தெரியும். பயந்துவிடாதீர்கள், அது முன்பே அந்த அளவில் உள்ளே இருந்ததுதான். மூடிக்கொண்டிருந்தது திறந்திருக்கிறது. பிறகு மழுங்கிய கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கம்பி எலும்பில் இடித்தால் எலும்புக்குள் சீழ் போயிருக்கலாம் என்று சந்தேகம். எக்ஸ்ரேயில் அது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் நிம்மதி அடையவேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் எடுப்பதாக இருந்தால், புண்ணைச் செதுக்கிச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து ஒரு துண்டுச் சதை எடுப்பதுதான் சரி. மேலே பஞ்சை ஒற்றி எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமியெல்லாம் ரிப்போர்ட்டில் வரும், அதற்கெல்லாம் மாத்திரை எழுதப்படும். சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. சதையில் மட்டும் தொற்று என்றால் ஒன்றிரண்டு வாரம், எலும்பில் என்றால், கெட்ட எலும்பை எடுக்காத பட்சத்தில், சுமார் ஆறு வாரம்.

இனிதான் முக்கியமானது. பாரம் இறக்க எவ்வளவோ சாதனங்கள் உண்டு. நல்ல ரத்த ஓட்டமும் கட்டுக்குள் இருக்கும் தொற்றும் உள்ள உள்ளங்கால் புண்ணுக்கு, காலோடு ஒட்டி முழங்கால் வரை போடும் மாவுக்கட்டுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. எலும்பு முறிவுக்குப் போடும் கட்டுப் போலத் தெரிந்தாலும் இது வேறு. பாதத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் தொட்டுக்கொண்டு பாரத்தை பாதம் முழுதும், கெண்டைக்கால் வரை பரப்பிவிடும். கழற்ற முடியாது என்பதுதான் இதன் பலமே. கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தால் ராத்திரி பாத்ரூம் போகும்போது, "ரெண்டு அடிதானே" என்று வெறும் காலில் போவார்கள். அந்த இரண்டு அடிகள் சேர்ந்துதான் புண்ணை ஆறவிடாமல் செய்கின்றன.

முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்றவேண்டும், வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும். பிறகு வாரம் ஒரு முறை. சாதாரணப் புண் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும். கட்டு போட்டிருக்கும் நாட்களில் வீட்டில் கவனிக்கவேண்டியது: குளிக்கும்போது காலை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஸ்டூல் மேல் வையுங்கள். அரிக்கிறது என்று ஊசி, குச்சி எதையும் உள்ளே விடக் கூடாது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது, நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். கட்டு போட்ட கால் உயரமாக இருப்பதால் அடுத்த காலுக்கு அதே உயரத்தில் செருப்பு வேண்டும். இல்லையென்றால் இடுப்பு வலிக்கும், நல்ல காலிலும் புண் வரும். காய்ச்சல், வாடை, கட்டுக்கு வெளியே கசிவு, விரல் நிறம் மாறுவது இதில் எது வந்தாலும் அன்றைக்கே கட்டைப் பிரிக்கவேண்டும்.

கட்டுப் போடாத புண்ணுக்கு வீட்டில் டிரெஸ்ஸிங் செய்வது எளிது. சோப்புப் போட்டுக் கைகழுவி, மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலால் புண்ணைக் கழுவி, காஸ் துணியால் ஒற்றி எடுத்து, புது காஸ் வைத்து மைக்ரோபோர் டேப்பை ஒட்டுங்கள். விரலைச் சுற்றி வளையமாக டேப் ஒட்டாதீர்கள். விரல் வீங்கினால் அந்த டேப்பே சுருக்குக் கயிறாகிவிடும், மரத்துப்போன விரல் அதைச் சொல்லாது. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, எருக்கம்பால் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நினைப்பார்கள், அது முளைத்து வரும் புதுச் சதையையும் சேர்த்துக் கொல்கிறது. உப்புத் தண்ணீரில் காலை ஊறவைப்பதும் கூடாது.

வாரம் ஒரு நாள், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். நான்கு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கவேண்டும். சுருங்கவில்லை என்றால் அதே டிரெஸ்ஸிங்கை ஐந்தாவது வாரம் தொடர்வதில் அர்த்தமில்லை. பாரமா, ரத்த ஓட்டமா, எலும்பா என்று டாக்டரிடம் மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். போன் படத்தைக் காட்டிக் கேட்டால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

புண்ணே இல்லாமல் கால் வீங்கினால்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. உணர்ச்சியில்லாத ஒரு பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்குகிறது. தோல் உடையவில்லை, வலி இல்லை அல்லது கொஞ்சம்தான். சுளுக்கு என்று எண்ணெய் நீவுகிறார்கள், யூரிக் ஆசிட் என்கிறார்கள், புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகும் என்று நகரி தாண்டிப் போகிறார்கள். இது சார்கோ பாதமாக இருக்கலாம். பாதத்துக்குள் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்தக் காலால் நடந்தால் பாதத்தின் வளைவு உட்கார்ந்து, அடிப்பாகம் படகு போலப் புடைத்து, பிறகு வாழ்நாள் முழுதும் அந்தப் புடைப்பில் புண் வரும். அன்றைக்கே காலை ஊன்றாமல் தூக்கி வைத்து, மறுநாளே பாத மருத்துவம் தெரிந்தவரிடம் போங்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டு தேவைப்படும். மரத்துப்போன காலில் யார் போட்டாலும் இறுக்கக் கட்டு ஆபத்துதான். இறுகியதைச் சொல்ல வலி இல்லை.

தினமும் இரண்டு நிமிடம்

சுகர் உள்ள பலருக்குப் பார்வையும் மங்கியிருக்கும், குனியவும் முடியாது. அவர் பாதத்தை அவராலேயே பார்க்க முடியாது. நீங்கள்தான் பார்க்கவேண்டும். சாயங்காலம் விளக்கேற்றும் முன், வாசல் வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள், சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும். குதிகாலில் பித்தவெடிப்பு ரத்தம் தெரியும் அளவுக்குப் பிளந்திருக்கிறதா? விரலடியில், காய்ப்புக்கு உள்ளே கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிகிறதா? அந்தப் புள்ளி காய்ப்புக்கு அடியில் கட்டிய ரத்தம், நாளைய புண். "என்னங்க, காலைக் காட்டுங்க" என்றால் "வலியே இல்லையேமா, எதுக்கு?" என்பார். வலி இல்லாததால்தான் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியிருக்கும், சலிக்காமல் சொல்லுங்கள்.

வெளிக் கணுக்காலை மறந்துவிடுகிறோம். பீடி சுற்றுபவர்கள், தரையில் சம்மணம் போட்டு வேலை செய்பவர்கள், தொழுகையில் நெடுநேரம் காலை மடக்கி உட்காருபவர்கள் எல்லோருக்கும் அந்த எலும்பு மேல் காய்ப்பு கட்டி, புண்ணாகும். கீழே தடித்த ஸ்பாஞ்ச் மெத்தையோ, முடிந்தால் நாற்காலியோ போட்டுக் கொடுங்கள். குழித்தறியில் மிதியை வெறும் காலால் அழுத்துபவர்களுக்கு மிதியில் ரப்பர் ஷீட் சுற்றுங்கள். மெட்டி போட்ட விரலை மெட்டியைக் கழற்றிப் பாருங்கள். விரல் வீங்கியிருந்தால் மெட்டியை எடுத்து வைத்துவிடலாம்.

ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு இன்னும் ஒரு படி. காய்ச்சல் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பொருள்களின் சூடு பார்க்கும் முறைக்கு மாற்றுங்கள் (உடம்புக்கான முறையில் வைத்தால் பாதத்துக்கு "லோ" என்று காட்டும்). இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில், கட்டைவிரல், விரலடியில் மூன்று இடம், நடுப்பாதம், குதிகால் என்று பார்த்து எழுதுங்கள். ஒரு பாதம் அடுத்ததைவிட 2.2 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இரண்டு நாள் தொடர்ந்து சூடாக இருந்தால், தோல் உடையக்கூடும் என்பதற்கு எச்சரிக்கை அது. நடையைக் குறைத்து, டாக்டரைப் பாருங்கள்.

கழுவும் தண்ணீரை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலால் பார்க்கவேண்டாம். துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் போகத் துணியை விட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ யூரியா கிரீமோ பாதம் முழுதும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். ஆணிக்கும் காய்ப்புக்கும் கடையில் விற்கும் கார்ன் கேப்பில் ஆசிட் இருக்கிறது, அது நல்ல தோலையும் அரிக்கும். ஷேவிங் பிளேடும் கூடாது.

காயம் படும் இடங்கள் ஊருக்கு ஊர் வேறு. இங்கே பைக்கில் பின்னால் உட்காரும்போது சைலன்சர், பழைய பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி, கடலைக்காடு, மாந்தோப்பில் முள், கோவில் பிராகாரக் கல். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கோ, காணிப்பாக்கத்துக்கோ வெயிலில் வெறும் காலில் போய்வந்து பாதம் முழுதும் கொப்புளமாக வருபவர்கள் உண்டு. சூரியன் ஏறும் முன் தரிசனம் முடித்துவிடுங்கள், தடித்த காட்டன் சாக்ஸ் போடுங்கள். திருமலைக்கு அலிபிரி வழியாக 3,500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறுவதாக வேண்டுதல் இருந்தால் பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிடுங்கள். இன்னொன்று எலி. தரையில் படுத்துத் தூங்கும்போது மரத்துப்போன விரலை எலி கடித்துக் காலையில்தான் தெரியும். கட்டிலும் கொசுவலையும் பாதத்துக்கும் பாதுகாப்புதான்.

செருப்பு

ஆம்பூர், வாணியம்பாடியில் நல்ல ஷூ எவ்வளவோ கிடைக்கும். ஆனால் உணர்ச்சியில்லாத காலுக்கு அழகான ஷூ எதுவும் உதவாது. மருத்துவமனைப் பட்டறையில் அளவெடுத்துச் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். உள்ளே மென்மையான எம்.சி.ஆர். (கடினத்தன்மை அளவில் 15 முதல் 20 ஷோர்), அடியில் முள் ஏறாத கெட்டி சோல், பின்னால் பட்டை, மேலே வெல்க்ரோ. ஆணி அடித்திருக்கக் கூடாது, ஒட்டி, தைத்திருக்கவேண்டும். விரலுக்கு இடையே வார் போகும் ஹவாய் செருப்பு கூடாது. அது கழன்று விழாமல் இருக்க விரலை இறுக்கிப் பிடிக்கவேண்டும், அந்த உணர்வு இல்லாதவருக்கு விரல் இடுக்கு அறுந்துபோகும். பாதத்தைவிட உள்ளே 1 முதல் 2 செ.மீ. நீளம் கூடுதலாக இருக்கட்டும். மாலையில் கால் வீங்கியிருக்கும்போது அளவெடுக்கவேண்டும்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும், வீட்டுக்குள். கழற்றிப் பாதம் முழுதும் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்தவரிடம் எடுத்துப் போய் அந்த இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் தினம் கொஞ்சம் கூட்டுங்கள். போடும் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டிய மணலோ நட்டோ சாவியோ ஒரே பகலில் புண்ணாக்கும். கட்டைவிரலால் எம்.சி.ஆரை அழுத்தினால் பொங்கி மேலே வரவேண்டும், குழியாகவே நின்றால் செருப்பு முடிந்துவிட்டது. வயலுக்கும் வேலைக்கும் போகிறவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டியிருக்கும். வீட்டுக்குள் போட ஒரு தனி ஜோடி வேண்டும், பூஜை அறைக்கும் அடுப்பங்கரைக்கும் அதையே பயன்படுத்துவதில் தவறில்லை. சாக்ஸ் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் வாங்குங்கள், தையலை வெளிப்பக்கம் திருப்பிப் போடுங்கள். ஒரு துளிச் சீழ் கறையும் அதில் தெரியும்.

எங்கே போவது, பணம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "பாதம் பாதுகாப்போம்" திட்டத்தில் பாதப் பரிசோதனை செய்கிறார்கள், முதலில் அங்கே கேளுங்கள். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி அடுக்கம்பாறையில் இருக்கிறது. சி.எம்.சி., கரிகிரி இரண்டிலும் பாத மருத்துவமும் செருப்புப் பட்டறையும் உண்டு. சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு சி.எம்.சி.யின் சித்தூர் வளாகமும், திருப்பதியில் ஸ்விம்ஸ், ருயா மருத்துவமனைகளும் இருக்கின்றன.

எல்லையோரக் குடும்பங்களில் தடுமாற்றம் வருவது காப்பீட்டில். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ஆந்திரக் கார்டு என்றால் முன்பு ஆரோக்கியஸ்ரீ என்று இருந்த என்.டி.ஆர். வைத்திய சேவை. மனைவி பேர் ஒரு பக்கம், கணவர் பேர் மறு பக்கம் என்று இருந்தால், யாருக்குச் சிகிச்சையோ அவர் பேர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அதுதான் செல்லும். அட்மிஷனுக்கு முன்பே, போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். அட்மிஷன் ஆகாமல் செய்யும் டிரெஸ்ஸிங்கும் செருப்பும் பெரும்பாலும் கைக்காசில்தான் ஆகும், மாதச் செலவில் அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

புண் ஆறிய பிறகும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதத்தைக் காட்டவேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். காய்ப்பு கட்டிய உடன் செதுக்கி எடுத்தாலே பல புண்களைத் தவிர்க்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை

விரல் கருத்துப்போதல். புண்ணைச் சுற்றிச் சிவப்பு இரண்டு செ.மீ. தாண்டிப் பரவுதல். நாற்றம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று இருப்பதுபோலத் தெரிதல். பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்தல். சாப்பாடும் மாத்திரையும் மாறாமல் சுகர் மட்டும் 300, 400 என்று ஏறுதல். இதைப் பலரும் கவனிப்பதில்லை, பாதத்துக்குள் சீழ் பிடித்ததற்கு முதல் அடையாளம் இதுவாகவே இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108 தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஒரே எண்தான். நோட்டு, மாத்திரை அட்டைகள், காப்பீட்டு அட்டை, ஆதார், கடைசி போட்டோ இருக்கும் போன், அவர் போட்டிருந்த செருப்பு, எல்லாவற்றையும் ஒரே பையில் முன்கூட்டியே போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். வண்டியில் ஏறும்போது அவர் அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.